செந்திலுக்கு, புது ஆம்ப் வாங்கும் முன்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்த அன்றே பதில் போட்டிருக்க வேண்டும். மூத்தவளுடைய பிளஸ் டூ ரிசல்ட், அப்பாவின் கண் ஆபரேஷன் என்று வீடே பரபரப்பாக இருந்ததில் தள்ளிக்கொண்டே போய்விட்டது. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. அப்பா இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் எட்ட வைத்துப் படித்துக் காட்டி எல்லோரையும் கூப்பிடுகிறார். உன் அக்கா மகளுக்கு வரன் அமைந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், தேதி குறித்ததும் முதலில் அவளுக்குத்தான் போன் போட வேண்டுமாம்.

சரி, கார் விஷயம். நீ எழுதியதை இரண்டாம் முறை படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. டோர் ஸ்பீக்கருக்கு நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), டிக்கியில் கனத்த பாஸுக்குப் பத்து இஞ்ச் சப்வூஃபர், அதற்குத் தனியாக ஒரே சேனல் உள்ள மோனோ ஆம்ப், எல்லாம் நல்ல சாமான்தான். மாட்டிக்கொடுத்த கடைக்காரர் ஆம்பின் கெயின் திருகைக் கடைசிவரை திருகிவிட்டு, மேல் ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கர், அந்த இடது ட்வீட்டர் கருகியதும் "ஆம்ப் பவர் பத்தல சார், பெருசா போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். மாப்ள, தயவுசெய்து புது ஆம்ப் வாங்காதே. உன்னிடம் இருப்பது தாராளமாகப் போதும், அதைச் சரியாக செட் பண்ணித் தரத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை நீயே செய்யலாம்.

ஆம்பில் இருக்கும் கெயின் திருகு சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைத்தது இல்லை. உன் ஸ்டீரியோவிலிருந்து ஆர்சிஏ வயர் வழியாக எத்தனை வோல்ட் வருகிறது என்று ஆம்புக்குச் சொல்வதற்கு வைத்தது. சில ஸ்டீரியோ 2 வோல்ட் தரும், சிலது 4 அல்லது 5 தரும். வருகிற வோல்ட்டுக்கும் ஆம்ப் கொடுக்கக்கூடிய முழு பவருக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது, அங்கே நிறுத்துவதுதான் செட் பண்ணுவது. முழுக்கத் திருகினால் ஆம்புக்குக் கூடுதல் சக்தி வந்துவிடாது. ஸ்டீரியோ வால்யூம் பத்திலேயே ஆம்ப் அதன் எல்லையைத் தொட்டுவிடும், அதற்கு மேல் நீ வைக்கிற ஒவ்வொரு புள்ளியும் கிளிப்பிங்தான், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுவதுதான். கூடவே இரைச்சலும் பெரிதாகும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஊங்' என்று ஏறுகிறது என்றாயே, எர்த் சரியில்லாமல் அது வந்திருக்கலாம், ஆனால் அவ்வளவு பெரிதாகக் கேட்பது கெயினால்தான்.

ஓட்டு வீட்டுக்குள் உயரமான ஆள் நிமிர்ந்தால் தலை விட்டத்தில் இடிக்கிற மாதிரிதான் கிளிப்பிங். அலை உயர்ந்து போகப் பார்க்கும், ஆம்பின் சப்ளை வோல்டேஜ் அதற்கு மேல் விடாது, உச்சி தட்டையாகிவிடும். முழுவதும் சதுரமாகிப்போன அலையில் அதே உயரமுள்ள சுத்தமான சைன் அலையைப் போல இரண்டு மடங்கு பவர் இருக்கும். உச்சி வெட்டுப்படும்போது மூல அதிர்வின் மடங்குகளான மேல் ஸ்தாயி ஹார்மானிக்ஸும் கிளம்பி ட்வீட்டருக்குத்தான் போய்ச் சேரும். ட்வீட்டரின் கம்பிச்சுருள் (காயில்) தலைமுடி மாதிரி மெல்லிசு, அந்தச் சூட்டை எங்கே தாங்கும்? பழையதைக் கழற்றினால் மூக்கருகே கொண்டுபோய்ப் பார், வார்னிஷ் கருகிய வாசனை இன்னும் இருக்கும். பவர் குறைந்த ஆம்ப் ஸ்பீக்கரைக் கொன்றுவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். சின்ன ஆம்ப் அது பாட்டுக்கு வேலை செய்தால் யாரையும் கொல்லாது, அதனிடம் இல்லாததைக் கேட்டால்தான் இந்த கதி.

உனக்கு வேண்டியது ஒரு மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், பென் டிரைவில் 0 டிபி அளவில், அதாவது டிஜிட்டல் பதிவின் உச்ச அளவில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன். அவ்வளவுதான். இங்கே ரிச்சி ஸ்ட்ரீட்டில் கையடக்க ஆசிலோஸ்கோப்பே இப்போது கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைக்கிறது, அலையைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் அதுதான் உத்தமம். ஆனால் முதல் தடவைக்கு மீட்டரே போதும். 50 ஹெர்ட்ஸ் சொல்வதற்குக் காரணம், விலை குறைந்த மீட்டர்கள் வீட்டுக் கரண்டை அளக்கவே செய்யப்பட்டவை, 1000 ஹெர்ட்ஸில் பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும்.

முதலில் ஸ்டீரியோவில் பாஸ், டிரெபிள் எல்லாம் பூஜ்ஜியம், லவுட்னஸ் ஆஃப், ஆம்பில் பாஸ் பூஸ்ட் ஆஃப், ஃபில்டர்கள் ஆஃப். ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றிவிடு, இதை மறக்கவே மறக்காதே. கெயினை முழுக்கக் குறைத்துக்கொள். இன்ஜின் ஓடட்டும், பேட்டரி 14 வோல்ட் பக்கம் நிற்கும். ஸ்டீரியோ 40 வரை போகும் என்றால் 30, 32க்கு மேல் பெரும்பாலும் அதன் அவுட்புட்டே கெட ஆரம்பிக்கும், அதனால் 30இல் வை. இனி ஆயுசுக்கும் அதுதான் உன் உச்ச வால்யூம்.

இப்போது கணக்கு. பவரை ஓம் அளவால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். உன் நாலு சேனல் ஆம்ப் 4 ஓமில் 75 வாட் என்று எழுதியிருந்தாய், அதற்கு 17.3 வோல்ட் வரும். ஆனால் டோர் ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் பவர், அதாவது ஆர்எம்எஸ், 60 வாட்தானே, இரண்டில் சின்னதைத்தான் எடுக்க வேண்டும், அப்போது 15.5. மோனோ ஆம்ப் 2 ஓமில் 300 வாட், சப்பும் அதைத் தாங்கும் என்றால் 24.5. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1200 வாட் மேக்ஸ் எல்லாம் கணக்கிலேயே கிடையாது. ஆர்எம்எஸ் மட்டும் பார், சிஇஏ-2006 என்ற அளவீட்டுத் தரம் போட்டிருந்தால் நம்பலாம், அது 14.4 வோல்ட்டில் 1 சதவீதத்துக்கு மேல் டிஸ்டார்ஷன் (ஒலிக் குலைவு) இல்லாமல் அளந்த பவர்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடி, டோனை ஓடவிட்டு கெயினை மெல்லத் திருப்பு. நூல் அளவுக்குத் திருப்பினாலே எண் தாவும், 9, 12, 14 என்று போகும். 15.5க்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடு, ஸ்பீக்கர் மாட்டிய பிறகு லோடு ஏறும்போது எல்லை கொஞ்சம் கீழே இறங்கலாம், மீட்டருக்கு அலையின் வடிவம் தெரியாது. திருகு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும், பாதிகூடத் திரும்பியிருக்காது.

உடனே பாட்டுப் போட்டால் எண்பதுகளின் பாட்டெல்லாம் சத்தம் குறைவாக இருப்பதாகத் தோன்றும். அந்தக் காலத்துப் பதிவுகளின் லெவல் பெரும்பாலும் கீழே இருக்கும், இப்போது வருகிறவை கூரையைத் தொட்டுக்கொண்டே ஓடும். நீ பழைய பாட்டுதான் அதிகம் கேட்பாய் என்பதால், போதவில்லை என்றால் மைனஸ் 5 டிபி டோனை வைத்து அதே வோல்ட்டுக்குத் திரும்ப செட் பண்ணு. ஆனால் அப்படிச் செய்தபின் புதுப் பாட்டு ஓடும்போது வால்யூமை நாலைந்து புள்ளி இறக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து க்ராஸ்ஓவர், எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஸ்தாயி என்று பிரிப்பது. டோருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலுள்ளது மட்டும்), சப்புக்கு லோ பாஸ் 80 (அதற்குக் கீழுள்ளது மட்டும்), இங்கிருந்து தொடங்கு. சப் பெட்டியில் போர்ட் (காற்றுத் துளை) இருந்தால், மிகக் கீழ் அதிர்வுகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை, பெட்டி ட்யூன் பண்ணிய ஹெர்ட்ஸ் அளவுக்குக் கொஞ்சம் கீழே கட்டாயம் போடு, இல்லையென்றால் அதற்குக் கீழே ஸ்பீக்கரின் கூம்பு கட்டுப்பாடில்லாமல் ஆடும். அப்புறம் 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தம்பியை டிக்கியில் இருக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றச் சொல். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி, ஏனென்றால் அப்போதுதான் டோரும் சப்பும் சேர்ந்து தள்ளுகின்றன.

எல்லா ஸ்பீக்கர் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் டைம் அலைன்மென்ட்தான் எனக்குப் பிடித்த இடம். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலப்பக்கம், வலது டோர் காலடியிலேயே இருக்கிறது, இடது டோர் எட்டத்தில். சத்தம் ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். ஹெட்ரெஸ்ட்டில் காது இருக்கும் இடத்திலிருந்து டேப்பைப் பிடித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அள. வலது 90, இடது 130 என்று வந்தால் 40 சென்டிமீட்டர் வித்தியாசம், வலதை 1.1 அல்லது 1.2 மில்லி செகண்ட் தாமதிக்க வேண்டும். சப்தான் எல்லாவற்றையும்விட எட்டத்தில் இருப்பது, மற்றவை அதற்காகக் காத்திருக்கும். இதைப் போட்டதும் அதுவரை வலது முழங்காலருகே பாடிக்கொண்டிருந்த குரல் எழும்பி டேஷ்போர்டுக்கு நடுவில் வந்து நிற்கும். எத்தனை வண்டியில் செய்தாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஈக்வலைசரில் எந்த ஸ்தாயியையும் ஏற்றாதே, அதிகமாக இருப்பதை இறக்கு. ஏற்றினால் நீ கஷ்டப்பட்டு வைத்த கெயின் கணக்கே குலைந்துபோகும். ரூம் ஈக்யூ விசார்ட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அளவெடுக்கும் மைக் இருந்தால் லேப்டாப்பில் பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல்) ஓட்டி, எந்த ஸ்தாயி எவ்வளவு கேட்கிறது என்ற வளைவைப் பார்க்கலாம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சத்தத்தால் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை கூர்மையாக இருக்கும், நம் காதும் அங்கேதான் ரொம்ப உஷார். ஆனால் கடைசி வார்த்தை காதினுடையது. எனக்கென்று ஒரு பரீட்சை உண்டு, கோயில் நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போடுவேன். நாதஸ்வரம் மேல்ஸ்தாயியில் நிற்கும்போது காதைக் குத்தினால் அந்தப் பகுதியில் 2, 3 டிபி இறக்க வேண்டும். தவிலின் தொப்பி (கனத்த நாதப் பக்கம்) அடி டிக்கியிலிருந்தும் வலந்தலை (கூர்நாதப் பக்கம்) முன்னாலிருந்தும் தனித்தனியாக வந்தால் சப் இன்னும் சேரவில்லை, இரண்டும் ஒரே வாத்தியமாக முன்னால் கேட்டால் சேர்ந்துவிட்டது. சினிமாப் பாட்டில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அதில் எந்தச் சத்தம் எங்கே இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து ட்யூன் பண்ணியது திருநெல்வேலி ரோட்டில் மெலிந்து கேட்கும். டயர் இரைச்சல் கீழ் ஸ்தாயியில் பாஸை விழுங்கிவிடும். அதனால் சப்பை 3 டிபி கூட்டி இன்னொரு செட்டிங் சேமித்துக்கொள். ஆனால் இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாதே. 85 டிபி என்றால் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டிபி கூடும்போதும் நேரம் பாதியாகும். வாரம் முழுக்க ரோட்டிலேயே இருக்கிற உனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வயரைப் பார். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் அது போடும்வரை வயரைக் கழற்றியே வை, உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்கும். வயர் நுனியைப் பிளேடால் லேசாகச் சுரண்டு, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தில் செம்பு பூசியது, அதே கனத்துக்கு முழுச் செம்பு மாதிரி கரண்ட் கடத்தாது. எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு இறுக்கு.

அடுத்த மாதம் மதுரைப் பக்கம் வேலை இருக்கிறது, மைக்கையும் லேப்டாப்பையும் எடுத்து வருகிறேன். ட்வீட்டர் மட்டும் அதே மாடலில் ஒன்று வாங்கி வை. கெயினைத் தொடும் முன் இரண்டு ஆம்பின் பக்கவாட்டையும் ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, எண்களைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமார்