செயலாளரின் ஆண்டறிக்கை: பறவைப் படப்பிடிப்புப் பிரிவு

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தரக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. வருகை பரவாயில்லை, தீபாவளி மாதம் மட்டும் நாற்காலிகள்தான் அதிகம். சென்ற பொதுக்கூட்டத்தில், "காட்டுக்குள் எடுத்தால் படம் இருட்டாகவும் கலங்கலாகவும் வருகிறதே, என்ன செய்வது?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இவ்வாண்டின் பயிற்சிகள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்தன.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் எழுகிறது. பறவைகள் அதற்கு முன்பே பாட்டைத் தொடங்கிவிடுகின்றன. மெக்ரிட்சி, விண்ட்சர் காட்டுப் பூங்காக்களின் பக்கம் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் இறங்க இன்னும் நேரமாகும். நம்மில் பலரிடம் இருப்பது 600 மி.மீ. வரை நீளும் ஸூம் லென்ஸ். முழுதாக நீட்டினால் அதன் திறப்பு எஃப் 6.3-ஐத் தாண்டாது, அதாவது உள்ளே வரும் ஒளி குறைவு. இந்நிலையில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600-க்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடிப்பதில் பொருளில்லை. 6400 வரை தாராளமாகப் போகலாம்; அப்போதுதான் பறவையின் அசைவை நிறுத்தும் ஷட்டர் வேகம் கிடைக்கும். புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலைப் பின்னர் மென்பொருளில் குறைக்கலாம். பறவை அசைந்து கலங்கிய படத்தை அப்படி மீட்பது கடினம்.

இதற்கெல்லாம் ஷாமா என்ற காட்டுப் பாடும் பறவை நல்ல ஆசான். தலையும் கண்ணும் ஒரே கறுப்பு என்பதால், கண்ணில் ஒரு துளி ஒளி விழாவிட்டால் முகமே இல்லாத படம்தான் கிடைக்கும். மரக்கிளைகளுக்கிடையே வானம் தெரியும் பக்கம் அது தலையைத் திருப்பும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டின் ஓர் அடி முடிந்து அடுத்தது தொடங்குமுன் உடல் சற்று நிற்கும். அப்போது 1/125 நொடியில் தொடர்ச்சியாக நாலைந்து சொடுக்கினால் ஒன்றாவது கூர்மையாக விழும். இலை வழியாக வரும் ஒளி எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, ஷாமாவின் பிட்டத்திலுள்ள வெள்ளையை வைத்து நிறத்தைச் சரிசெய்யலாம்.

திறந்தவெளியில் சிக்கல் வேறு. மப்பு வானத்தை முதுகில் வைத்து அமரும் மாங்குயில் வெறும் நிழலுருவாகிவிடும். படத்தில் விழும் ஒளியளவை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்ட வேண்டும். நேர்வெயிலில் குண்டுக்கரிச்சானுக்கு நேர்மாறு: குறைக்காவிட்டால் இறக்கையின் வெள்ளைக் கோடு வெளிறிப்போகும். இன்னொன்று: ஏர்கான் அறையில் தூங்கிய கேமராவை நேராகக் காட்டுக்குக் கொண்டுவராதீர்கள். லென்ஸில் பனி படிந்து, நல்ல வெளிச்சத்தில் பாதி துடைப்பதிலேயே போய்விடுகிறது. முந்தைய இரவே பையை ஹாலில் வைத்துவிடுங்கள்.

ஃபிளாஷ் பற்றிய விவாதம் சூடாகவே நடந்தது. கூட்டுக்கு அருகில் ஃபிளாஷ் கூடாது, பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது என்று முடிவானது. என் கருத்தும் அதுவே. புழு போட்டு வெளிச்சமான கிளைக்கு இழுப்பதைப் பற்றி விவாதிக்கவே ஒன்றுமில்லை: 2020-இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றிக் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம்; முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

உபின் தீவுப் பயணத்தில் வைக்கோல்தலை புல்புல் ஜோடி மாறிமாறிப் பாடியதைக் கேட்டோம். குரலுக்காகவே கூண்டில் அடைக்கப்பட்டு, பல நாடுகளில் அருகிவிட்ட பறவை அது. 2018 முதல் மிக அருகிய இனப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே அதன் படங்களைப் பகிருமுன் கோப்பிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வலசைப் பறவைகள் வரும் செப்டம்பரில் அடுத்த பயிற்சி தொடங்கும். பிரிவின் முக்காலிகளை இரவல் வாங்கியவர்கள் அதற்குள் திருப்பித் தந்தால் நலம். யார் யார் என்று என்னிடம் பட்டியல் இருக்கிறது. கணக்கறிக்கையை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.

இவண்,
செயலாளர்