பதினைந்து கட்டங்களையும் பலகையில் எழுதுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குத்துச்சண்டைப் போட்டி நடத்துகின்றவர்களுக்கும், ரிங் ஓரத்தில் இருந்து புள்ளி போடுகின்ற நடுவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு விடயம். ஒவ்வொரு சண்டையும் முடிந்தவுடன், ஐந்து நடுவர்களும் மூன்று சுற்றுக்கும் போட்ட புள்ளிகளைச் சனம் பார்க்கிற பலகையில் எழுதிவிடுங்கள். ஐந்து நிரல், மூன்று நிரை, மொத்தம் பதினைந்து கட்டம். மூன்று நடுவர் மட்டும் என்றால் ஒன்பது கட்டம். ஒரு வெண்பலகையும், சிவப்பு மூலை வீரருக்கும் நீல மூலை வீரருக்குமாகச் சிவப்பு, நீலப் பேனா இரண்டும் போதும். “சிவப்பு மூலை, மூன்றுக்கு இரண்டு” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு அடுத்த சோடியைக் கூப்பிட்டுவிடுவதால், ரிங்கில் முடிந்த சண்டை கல்லடியிலும் கல்முனையிலும் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு கிழமைக்கு நடக்கிறது.

வாதம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நெருக்கமான சண்டையைப் பற்றி வாதாடுவது இந்த விளையாட்டின் பாதி இன்பம். எந்தச் சுற்றைப் பற்றி வாதாடுகிறோம் என்றே தெரியாமல் வாதாடுவதுதான் கேடு. அந்தப் பேச்சு கடைசியில் ஊர்ப் பெயரிலும் பாடசாலைப் பெயரிலும் போய் முட்டுகிறது. இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுக்கிற நமது கொம்புமுறி விளையாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. வடசேரிக் கொம்போ தென்சேரிக் கொம்போ, முறிந்தது கண்முன்னே கிடக்கும். குத்துச்சண்டையில் ஒருவர் விழுந்து எழும்பாமல் போனாலொழிய, முறிந்த கொம்பு நடுவரின் தாளில்தான் கிடக்கிறது. அந்தத் தாளைக் காட்டுங்கள் என்கிறோம்.

சனத்துக்கும் தாளுக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. தெளிவாக மேலோங்கினால் மற்றவருக்கு 8, முற்றாக அடக்கினால் 7. அமெச்சூர், அதாவது தொழில்முறை அல்லாத, போட்டியில் 10-10 போட முடியாது. மயிரிழை வித்தியாசம் என்றாலும் ஒருவரைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். நீலம் முதல் இரண்டு சுற்றையும் ஓரிரு குத்து வித்தியாசத்தில் எடுத்துவிட்டு, மூன்றாவதில் சிவப்பிடம் நன்றாக வாங்கிக் கட்டுகிறது என்று வையுங்கள். அந்த மூன்றாவது 10-9 ஆக இருக்கும்வரை நடுவரின் புள்ளி அட்டை 29-28, நீலத்துக்கு. அதை 10-8 என்று போட்டால் 28-28 ஆகும். அப்போது நடுவர் ஒருவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். சனத்தின் மனதில் நிற்பதோ கடைசி மூன்று நிமிடம். வீட்டுக்குப் போகும்போது எல்லோர் வாயிலும் சிவப்புத்தான்.

இன்னொரு கணக்கு. இரண்டு நடுவர் நீலத்துக்கு 30-27 போடுகிறார்கள். மற்ற மூவர் சிவப்புக்கு 29-28 போடுகிறார்கள். ஐந்து அட்டையையும் கூட்டினால் நீலம் 144, சிவப்பு 141. ஆனாலும் வெற்றி சிவப்புக்குத்தான், ஏனென்றால் எண்ணப்படுவது நடுவர்களின் தலை, புள்ளிகளின் கூட்டுத்தொகை இல்லை. “3-2” என்ற அறிவிப்பு மட்டும் காதில் விழுந்தவருக்கு இது ஒன்றும் தெரியாது. எச்சரிக்கையும் இப்படித்தான். தலையால் முட்டியதற்கோ பிடித்துத் தொங்கியதற்கோ, ரிங்குக்குள் நின்று சண்டையை நடத்துகிற மத்தியஸ்தர் எச்சரிக்கை கொடுத்தால் எல்லா அட்டையிலும் ஒரு புள்ளி போய்விடும். நெருக்கமான சண்டையில் அந்த ஒன்றே தீர்ப்பு. பலகையில் அதற்கும் ஒரு கோடு போடுங்கள்.

எதற்குப் புள்ளி என்பதில்தான் ரசிகர்கள் அதிகம் பிசகுகிறார்கள். மூடிய கையுறையின் விரல்மொழிப் பக்கம், தடுக்கப்படாமல், தலையின் முன்புறமோ பக்கவாட்டோ, அல்லது இடுப்புப் பட்டிக்கு மேலே உடம்பிலோ, தோளின் பாரத்தோடு இறங்க வேண்டும். காதை நம்பினால் இது பிடிபடாது. கையுறையில் கையுறை மோதினாலும், முன்கையில் வாங்கினாலும், உள்ளங்கைப் பக்கத்தால் அறைந்தாலும் ‘பட்’டென்று அரங்கமே கேட்கும், புள்ளி இல்லை. விலாவுக்குக் கீழே சரியாக ஏறிய குத்து மந்தமாகக் கேட்கும், பின்வரிசைக்கு அதுவும் கேட்காது. அதை வாங்கியவரின் முழங்கை கீழே இறங்குவதையும் கால் ஒரு கணம் நின்றுபோவதையும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். முன்னே முன்னே நடப்பதற்கும் தனிப் புள்ளி இல்லை. நடந்துபோய் ஜப் ஜப்பாக (முன்கையால் விடுகிற நேர்க்குத்து) வாங்குகிறவர் அந்தச் சுற்றைத் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

எண்ணுகிற மெஷினை வைத்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். உலகம் அதையும் செய்து பார்த்துவிட்டது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், குத்துகளை எண்ணியவர்களின் கணக்கில் அமெரிக்காவின் றோய் ஜோன்ஸ் 86, தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தங்கம் 3-2 என்று பார்க்குக்குப் போனது. அதன் பின் 1992 பார்சிலோனாவிலிருந்து 2012 லண்டன் வரை ஒலிம்பிக்கில் பொத்தான் முறை இருந்தது. அதில் பெரும்பகுதிக் காலம், ஐந்தில் மூன்று நடுவர் ஒரு செக்கனுக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. நெருங்கி நின்று மாறி மாறி அடிப்பதும் உடம்புக் குத்தும் பொத்தானில் அதிகம் ஏறவில்லை. வீரர்களும் ஒற்றைக் குத்தைத் தொட்டுவிட்டு ஓடப் பழகினார்கள். 2016 றியோவில் 10 புள்ளி முறை வந்தது, ஆனால் ஐந்து அட்டையில் மூன்றை மட்டும் கணினி தெரிந்தெடுத்தது. அயர்லாந்தின் மைக்கல் கொன்லன் ரஷ்யாவின் நிகிடினிடம் தோற்றதாக அறிவித்தபோது எழுந்த கொதிப்பு அடங்கவில்லை. அங்கே முடிவுகளில் கை வைக்கப்பட்டதாக 2021இல் மக்லாரன் விசாரணை அறிக்கை சொன்னது. முறையை மாற்றினாலும் மனிதர்தான் புள்ளி போடுகிறார். அவர் போட்டதை நாலு பேர் பார்க்க முடிவதுதான் மிஞ்சியிருக்கிற காவல்.

இனி ஆட்டம் காட்டுவது பற்றி. இதைத்தான் நாங்கள் விரிவாக எழுத நினைத்தோம், ஏனென்றால் நம் பக்கத்து இளம் வீரர்கள் தொலைபேசியில் பார்த்துக் கையைத் தொங்கவிடப் பழகுகிறார்கள். கூத்துக் களரியில் அரசன் வரவுத் தாளத்துக்கு ஆடி வரும்போது சனம் ஆட்டத்தைத்தான் பார்க்க வந்திருக்கிறது. அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் பிசகாமல் விழுந்தால் அதுவே வெற்றி. ரிங்கில் கால் ஆட்டம் ஒரு குத்துக்கு வழி திறந்தால்தான் அதற்கு மதிப்பு. கையைத் தாழ்த்தி முகத்தைக் காட்டி, எதிராளியின் ஜப்பை வரவழைத்து, ஒரு அங்குலம் பின்னே சாய்ந்து வலது கையால் திருப்பிக் கொடுத்தால், புள்ளி அந்த வலது கைக்கு. தாழ்த்திய கைக்கு ஒன்றும் இல்லை. அமெச்சூரில் எதிராளியைக் கேலி செய்தால் எச்சரிக்கையும் வரும்.

தொழில்முறை வீரர் நசீம் ஹமட் மேல்கயிற்றைப் பிடித்துக் குட்டிக்கரணம் போட்டு ரிங்குக்குள் இறங்குவார். அவருடைய அடி அதைவிட அழகு, அதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. 2001 ஏப்ரலில் மார்க்கோ அன்டோனியோ பரேரா ஆட்டம் எதற்கும் மயங்காமல், தன் காலடியையும் ஜப்பையும் வளைத்து விடுகிற இடது ஹூக்கையும் நம்பிப் பன்னிரண்டு சுற்று அவரை அடித்தார். மூன்று நடுவரும் அவர் பக்கம்.

ஆனால் காட்சி புள்ளியாக மாறிய இரவும் உண்டு. 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ், ஹக்லரும் லெனார்டும், பன்னிரண்டு சுற்றுத் தொழில்முறைச் சண்டை. சுற்று முடிய அரை நிமிடம் இருக்கும்போது லெனார்ட் ஒரு சரமாரியைக் கொட்டுவார். பலது கையுறையிலும் கையிலும் பட்டாலும் அரங்கம் எழுந்து நிற்கும். ஒரு நடுவர் 115-113 ஹக்லருக்கு, ஒருவர் 115-113 லெனார்டுக்கு, மற்றவர் 118-110 லெனார்டுக்கு. முதல் இரண்டு சுற்றில் ஹக்லர் தன் இடக்கை நிலையை விட்டு வலக்கை நிலையில் நின்று அவற்றைக் கொடுத்துவிட்டார் என்பதும் உண்மை. லெனார்ட் வென்றார் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது, 118-110இல் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை உலகம் இதை வாதாடுகிறது. சுற்றுச் சுற்றாக வாதாட முடிவதும் அட்டைகள் வெளியே இருப்பதால்தான்.

நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூன்று நிமிடத்தையும் மனதில் மூன்றாக வெட்டுங்கள். ஒவ்வொரு நிமிடத்தின் முடிவிலும் யார் மேலே என்று ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டால், கடைசி அரை நிமிடத்துச் சரமாரி முன்னைய இரண்டரை நிமிடத்தை விழுங்காது. மணி அடித்தவுடன் கையைத் தூக்கி ஓடுகிறவரைப் பார்க்காமல் தாளைப் பாருங்கள்.

ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டிய சில்லறைகள் சில. நடுவர்களை ரிங்கின் எல்லாப் பக்கமும் பிரித்து இருத்துங்கள். ஒரே பக்கத்தில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே முதுகு மறைக்கும். கயிறு கண்மட்டத்தில் குறுக்கே ஓடாத உயரத்தில் கதிரை வேண்டும். பிரமுகர் மேசையும் படம் பிடிப்பவரும் அவர்களுக்கு முன்னே வரக்கூடாது. கடற்காற்று நேரத்தில் விரிப்பு ஈரமாகும், மூலைகளில் சிந்துகிற தண்ணீர் வேறு. ஒவ்வொரு இடைவேளையிலும் துடையுங்கள். வழுக்கி விழுந்தவரை அடி வாங்கி விழுந்தவராகப் பின்வரிசை எண்ணிக்கொள்ளும். மத்தியஸ்தர் கையை விரித்து “வழுக்கல்” என்று பெரிதாகக் காட்டட்டும்.

புள்ளியை வெளியே வைத்தால் நடுவருக்கு ஆபத்து என்பீர்கள். நியாயமான பயம், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்கள் இவை. அதனால் பெயர் வேண்டாம், கதிரை எண் போதும். போட்டியிடும் இரண்டு கழகத்துக்கும் தொடர்பில்லாதவர்களை அந்தக் கதிரைகளில் இருத்துங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் செய்ததுபோலச் சுற்று முடிய முடியக் காட்டச் சொல்லவும் இல்லை. நம் அரங்குகளில் சனம் நடுவரின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டாம் சுற்றுப் புள்ளி தெரிந்தால் மூன்றாம் சுற்றுக்குச் சனமே புள்ளி போடும். சண்டை முடிந்த பிறகு காட்டினால் போதும்.

ரசிகர்களே, உங்களிடமும் ஒன்று. அடுத்த போட்டிக்கு ஒரு தாளும் பேனாவும் கொண்டு வாருங்கள். சுற்று முடிந்ததும் அடுத்த மணிக்கு முன் எழுதிவிடுங்கள், பிறகு திருத்த வேண்டாம். வீட்டில் பழக விரும்பினால் ஹக்லர்-லெனார்ட் சண்டையை ஒருமுறை சத்தத்தோடும், சில நாள் கழித்துச் சத்தத்தை நிறுத்திவிட்டும் பார்த்து இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். எத்தனை சுற்று கை மாறுகிறது என்று எண்ணுங்கள்.

பலகையை அறிவிப்பாளரின் மேசைக்குப் பின்னால் மறைக்காமல், சனம் வெளியேறுகிற வாசலோரம் நிறுத்துங்கள். அடுத்த சண்டையின் புள்ளி வரும்வரை அழிக்க வேண்டாம். இறுதிப் போட்டிகளின் பலகையை அழிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் குத்துச்சண்டை ரசிகர்கள் சிலர்