போலீஸை வெளியே நிற்கச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

திங்கட்கிழமை நீ மாஜிஸ்திரேட்டாகப் பொறுப்பேற்கிறாய் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். போனில் எனக்கு இதெல்லாம் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால்தான் கடிதம்.

சட்டம் உனக்குத் தெரியும். கைதானவரைக் காவலில் வைப்பது பற்றிய பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நாங்கள் 167 என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 187 ஆகிவிட்டது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் உன் முன்னால் நிறுத்தியாக வேண்டும். நீ ரிமாண்ட் செய்து, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்டு, கையெழுத்துப் போட்டால்தான் ஜெயிலில் சேர்ப்பார்கள். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக நான் பார்த்தவரை, அந்தக் கையெழுத்து பல நேரம் வீட்டு வாசலில், ராத்திரி பதினொரு மணிக்குத்தான் விழும். உனக்குத் தூக்கமாக வரும். "அடிச்சாங்களா?" என்று கேட்டால் "இல்லைங்கய்யா" என்பார்கள். "புகார் ஏதும் இல்லை" என்று எழுதி முடித்துவிடலாம்.

எங்கள் மாஜிஸ்திரேட் ஐயா ஒருநாள் அப்படி முடிக்கவில்லை. திருட்டு வழக்கில் வந்த பையன் "இல்லை" என்றதும், எஸ்கார்ட் போலீஸை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். பையனை உட்காரச் சொன்னார். அவனால் உட்கார முடியவில்லை. அப்புறம்தான் அழுதான். காயங்களை ஐயா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அரசு ஆஸ்பத்திரிக்கு மெமோ போனது.

2020 ஜூனில் சாத்தான்குளத்து ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்ட பிறகு ரிமாண்ட் ஆகித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாளிலேயே இரண்டு உயிரும் போயிற்று. நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது. அதே வழக்கில் ஸ்டேஷனுக்கே போய் விசாரித்து, அங்கே தன்னை மிரட்டியதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதியவரும் ஒரு மாஜிஸ்திரேட்தான். பெண் காவலர் ஒருவர் நடுங்கிக்கொண்டே அவரிடம்தான் சாட்சி சொன்னார்.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்கென்றால் ஏன் கைது செய்தார்கள் என்று கேள். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே கேட்கச் சொல்லியிருக்கிறது. காரணம் சரியில்லையென்றால் ரிமாண்டை மறுத்துவிடு. இன்ஸ்பெக்டர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பருப்புப் பொடியும் ஊறுகாயும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். அங்கே வீடு பார்க்கும்போது வாசலில் நல்ல விளக்கு இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் நான் வந்து மாட்டித் தருகிறேன். ராத்திரி கொண்டுவருகிறவர்களின் முகம் உனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா