டீசலா பெட்ரோலா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பழைய மகிந்திரா தார் வண்டிகளின் படங்களையும் பார்த்தேன்: 2021 பெட்ரோல் ஒன்று, 2021 டீசல் ஒன்று, 2016 டில்லி நம்பர் டீசல் ஒன்று. போனில் பேசினால் உன் அம்மா நடுவில் புகுந்து கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவாள், அப்புறம் வண்டிப் பேச்சு எங்கே நடக்கும்? அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உன் சித்தப்பாவும் மாமாவும் "மலை ஏறுற வண்டின்னா டீசல்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள். டீசல் ஜீப்பை ஓட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: உனக்குப் பெட்ரோல்தான் சரி.

போடியில் எங்களுக்கெல்லாம் டீசல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பழைய மகிந்திரா ஜீப்பில் வந்தது ஹரிக்கேன் என்ற பெட்ரோல் இன்ஜின், பெட்ரோலை அப்படிக் குடிக்கும். அப்புறம் பியூஜோ டீசல் இன்ஜின் வந்ததும் ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள்கூட பட்டறையில் விட்டு இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசலை ஏற்றிக்கொண்டார்கள். விடிவதற்குள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகள் பதினேழையும் ஏறி, சாயங்காலம் திரும்ப இறக்கிக் கொண்டுவரும் ஓட்டம் அது. முழு லோடு, தினமும், வருஷம் பூராவும். அதற்கு டீசலைத் தவிர வேறு எதுவும் கட்டாது. பம்ப், நாசில், கொஞ்சம் வயரிங், அவ்வளவுதான் இன்ஜின். புகை தள்ளும், சத்தம் காதைக் கிழிக்கும், ஆனால் வழியில் நிற்காது, நின்றாலும் எந்தப் பட்டறைக்காரரும் சரிசெய்துவிடுவார். விலையும் அப்படித்தான் இருந்தது. பெட்ரோல் விலையை 2010-லேயே அரசு கையிலிருந்து விட்டுவிட்டது, டீசல் விலையை 2014 அக்டோபர் வரைக்கும் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்ததுண்டு. இன்றைக்கு உன் பெங்களூரில் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான்.

உன் ஓட்டத்தை யோசித்துப் பார். ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், அதில் பாதி நேரம் சிக்னலில் நிற்கிறாய். ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை சக்லேஷ்பூரோ சிக்மகளூரோ மலைப்பக்கம். சராசரியாக மாதம் 500 கிலோமீட்டர் என்று வை. தார் பெட்ரோல் ஊருக்குள் லிட்டருக்கு எட்டு கொடுத்தால் நல்லது, டீசல் பதினொன்று கொடுக்கும். பெட்ரோல் 103, டீசல் 91 என்று கணக்குப் போட்டால், பெட்ரோலுக்கு மாதம் சுமார் 6,400, டீசலுக்கு 4,100. வித்தியாசம் 2,300 ரூபாய். வருஷத்துக்கு இருபத்தேழாயிரத்துச் சொச்சம். அந்த 2021 டீசல் வண்டிக்கு பெட்ரோலைவிட ஒன்றரை லட்சம் கூடக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பணத்தை எண்ணெயில் திரும்ப எடுக்க உனக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். டீசலுக்கு சர்வீஸ் செலவும் கூட, அதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பணம்கூடப் பெரிய விஷயமில்லை தாயி. எனக்குப் பயம் அந்த டிபிஎஃப் மேல்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் வண்டியின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதுதான் டிபிஎஃப். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும், அதற்கு அங்கே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். இன்ஜின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக ஊற்றி அந்தச் சூட்டை உண்டாக்கும். ஆனால் வண்டி ஒரே சீராகக் கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்த வேலை முடியும். நீயோ சிக்னல் சிக்னலாக நின்று நின்று போய் ஆபீஸ் பேஸ்மென்டில் வண்டியை அணைத்துவிடுவாய். பாதியில் நின்ற எரிப்பில் மீந்த டீசல் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும், கரி சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டு தவழும். பழைய டீசல் இதெல்லாம் கேட்காது, போட்டதைக் குடித்துவிட்டுப் போகும். காமன் ரெயில் என்கிற உயர் அழுத்த முறை வந்ததுக்கு அப்புறம் டீசல் ரொம்பச் சொகுசாகிவிட்டது. ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தத்தில் எண்ணெயைத் தெளிக்கிற இன்ஜெக்டர் அது, தண்ணீர் கலந்த கேன் டீசலை ஊற்றினால் மன்னிக்காது.

இழுவை என்று மாமா ஆரம்பிப்பார். பழைய கணக்கில் அவர் சொல்வது சரிதான். நீ பார்க்கிற தாரில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. பெட்ரோலிலும் டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி, வைத்துவிட்டார்கள். 2.0 லிட்டர் பெட்ரோல் 150 குதிரைத்திறன், மேனுவலில் 300 நியூட்டன் மீட்டர் இழுவை, ஆட்டோமேட்டிக்கில் 320. டீசல் 2.2 லிட்டர், 130 குதிரைத்திறன், அதே 300. அதுவும் மேனுவல் பெட்ரோலில் முழு இழுவை 1,250 ஆர்பிஎம்மிலேயே (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) தொடங்குகிறது, டீசலில் 1,600. காகிதத்தில் இது. கல்லின் மேல் டயரை ஏற்றி அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது டீசல் ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே நடக்கும், பெட்ரோலுக்குக் கொஞ்சம் கால் கொடுக்க வேண்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. ரெண்டு தடவை ஓட்டினால் கால் பழகிவிடும். இறக்கத்தில் டீசல்தான் வண்டியைப் பிடிக்கும் என்பதும் பாதி உண்மை. ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாகப் பலமாக இழுக்கும் நிலையில், முதல் கியரைப் போட்டால் ரெண்டுமே பிடிக்கும், அங்கே வேலை செய்வது கியர் விகிதம்.

உயரம் வேறு விஷயம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், காற்று மெலிந்துவிடுகிறதல்லவா. கொழுக்குமலை உச்சிக்குப் போய்ச் சேரும்போது ஐந்தில் ஒன்று போயிருக்கும். உன் தோழி சொன்ன மாருதி ஜிம்னியில் டர்போ கிடையாது, 134 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் எடை 1,200 கிலோவை ஒட்டித்தான், அதனால் சமாளித்துக்கொள்ளும். ஜிப்சியும் அப்படித்தான். பட்டாளம் வருஷக்கணக்காக மலையிலும் பனியிலும் ஓட்டியது பெட்ரோல் ஜிப்சியைத்தான், இதை மாமாவிடம் சொல்லிப் பார். லடாக் போகணும் என்று ஆசைப்படுகிறாயே, அங்கே குளிர்காலத்தில் சாதாரண டீசல் மெழுகு கட்டிக் குழாயை அடைத்துவிடும், அதற்காகவே இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இறக்கியது. பெட்ரோலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பெட்ரோலில் குறை இல்லாமல் இல்லை. சேற்றில் லோ கியரில் ஏறும்போது மைலேஜ் பாதியாகிவிடும், 57 லிட்டர் டேங்க்தான், பங்க் இல்லாத பக்கம் போகும்போது நிரப்பிக்கொண்டு கிளம்பு. 2021 வண்டி இருபது சதவீத எத்தனாலுக்கு என்று செய்ததல்ல, அந்த விதி 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளுக்குத்தான். இன்றைக்குப் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அந்த இருபது சதவீதம்தான். மைலேஜ் சற்றுக் குறையும், ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லணும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதே. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின் என்பதால் இன்டேக் வால்வில் கரி படியும், அதைச் சுத்தம் செய்ய ஒருநாள் காசு செலவாகும்.

மூன்றாவது வண்டி, அந்த 2016 டில்லி நம்பர் தார், அதைப் பார்த்ததும் எனக்கே கை பரபரத்தது. பிஎஸ்6-க்கு முந்தின பிஎஸ்4 வண்டி, டிபிஎஃப் கிடையாது, 2.5 லிட்டர் டீசல், 247 நியூட்டன் மீட்டர், நாங்கள் ஓட்டிய ஜீப்பின் தம்பி. ஆனால் ஏன் அவ்வளவு மலிவு என்று யோசி. பத்து வருஷம் தாண்டிய டீசல் டில்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. 2025-இல் அந்தப் பிடி தளரும் வரை அங்கே பத்து வருஷத்தை நெருங்குகிற டீசல் வண்டிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள், அதுதான் தெற்கே வந்து சேர்ந்தது. என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, கர்நாடகாவில் ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். ஏர்பேக்கும் இல்லை. புது தார் குளோபல் என்கேப் என்ற விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. உன் அம்மாவுக்கு இந்த ஒரு காரணம் போதும், எனக்கும்தான்.

பெட்ரோல் வண்டியைப் பார்க்கப் போகும்போது, காலையிலேயே வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவை. போனதும் பானட்டில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடு. ஆயில் குறைவாக இருந்தால் குடிக்கிறது என்று அர்த்தம். (டீசல் வண்டியையும் பார்ப்பேன் என்று அடம் பிடித்தால், அதில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்.) ஸ்டார்ட் செய்யும்போது நீ சைலன்சர் பக்கம் நில், நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது, சூடான அப்புறமும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. ஐடிலில் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து அதன் வாயிலேயே தலைகீழாக வை, லேசாக அசைந்தால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் திரும்பி வந்துவிடு.

ஆஃப்ரோடு போன வண்டியில் இன்ஜினைவிட அடிவயிறுதான் உண்மை பேசும். லிஃப்டில் ஏற்றச் சொல். ஆக்சில் நடுவில் இருக்கும் கிரவுன் ஹவுசிங்கில் கல் அடித்த பள்ளம், சேஸிஸில் புது வெல்டிங், முன் ஆக்சில் ரப்பர் கிழிந்து கிரீஸ் சிதறியிருப்பது, இதெல்லாம் பெயின்ட் அடித்தாலும் மறையாது. பின் கிரவுனின் ஆயில் பிளக்கைக் கழற்றி விரலை விட்டு எடுக்கச் சொல். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் வண்டி ஆற்றில் முங்கியிருக்கிறது, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த வண்டி டீசலாக இருந்தால் என்ன, பெட்ரோலாக இருந்தால் என்ன, வேண்டாம். ஃபோர் லோவைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார், மண் தரையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார். சிமென்ட் தரையில் ஃபோர் வீலைப் போட்டுத் திருப்பாதே, கியர் பெட்டி இறுகிக்கொள்ளும். ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது, செய்திருக்கிறார்களா என்று நேராகவே கேள், கண்ணைப் பார்த்துக் கேள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து தோட்டத்தைப் பார்ப்பதாக இருந்தால், அல்லது வாரம் தவறாமல் பெங்களூருக்கும் போடிக்கும் ஓட்டுவதாக இருந்தால், நான் எழுதினதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு அந்த 2021 டீசலை எடு. ஹைவேயில் மணிக்கணக்காக ஓடினால் டிபிஎஃப் வாயைத் திறக்காது, மைலேஜும் பேசும். ஆனால் உன் ஓட்டம் இப்போது அது இல்லையே.

முன்பணம் என்று எதையும் கொடுத்துவிடாதே. சர்வீஸ் ரெக்கார்டும் இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டிருக்கிறார்களா என்பதும் தெரிந்த அப்புறம்தான் பேரம். சனிக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகும்போது வீடியோ காலில் கூப்பிடு, லிஃப்டில் ஏற்றியதும் டார்ச்சை அடித்து அடிப்பக்கம் முழுக்கக் காட்டு. பத்து மணிக்கு மேல் போடு, அதற்கு முன்னால் எனக்கு மேலே தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது.

அப்பா