பெட்டி யார் வாசலில்? நம் நகர் நலச்சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தலைக்கு மேலே போகும் மின்கம்பிகளை எடுத்துவிட்டுப் புதைவடம் போட்டுத் தரச் சொல்லி நீங்கள் எழுதிய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 31 வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். கம்பி மண்ணுக்குள் போகவேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்படுகிறவர் நம் நகரில் இருக்க முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. ஒரு மரம் சாய்ந்தால் ஒரு கம்பத்தோடு போகாது. கம்பி இழுக்கிற இழுப்பில் பக்கத்துக் கம்பங்களும் சேர்ந்து படுத்துவிடும். மரத்தை அறுத்து, கம்பத்தை நட்டு, கம்பி இழுத்து முடிப்பதற்குள் கை தோல் உரிந்துபோனது. தானே புயல் புரட்டிப்போட்ட கடலூரிலும், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியிலும் உலக வங்கிக் கடனுதவியோடு புதைவடத்துக்கு மாறும் வேலையை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து மனுவை முழுசாகப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி: ‘பில்லர் பெட்டிகளைக் குடியிருப்புகளின் வாசலைத் தவிர்த்து வேறு இடத்தில் அமைக்க வேண்டும்.’ (பில்லர் பெட்டி என்பது வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கத் தெருவோரத் தரையில் நிற்கிற மின்பெட்டி.) சரி, அந்த வேறு இடம் எது? நம் தெருவில் வாசல் இல்லாத இடம் என்று ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம்.

இப்போது கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு சர்வீஸ் வயர் காற்றில் வருகிறது. புதைவடம் போட்டால் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் வடம் பில்லர் பெட்டியில் ஏறி, அங்கிருந்து வீட்டுக்கு வீடு பிரியும். ஆக, சில வீடுகளுக்கு ஒரு பெட்டி நின்றே தீரவேண்டும். கம்பத்தின் மேல் தொங்குகிற டிரான்ஸ்பார்மரும் பெரும்பாலும் தரைக்கு இறங்கும், பக்கத்தில் ஆர்.எம்.யு. என்கிற சுவிட்சுப் பெட்டி, சுற்றி வேலி. ஒரு கார் நிறுத்துகிற இடமாவது வேண்டும். பூங்காவின் வடக்கு மூலையைக் கொடுக்கலாம் என்று போன கூட்டத்தில் சொன்னேன். நடைப்பயிற்சிக்காரர்கள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் வடம் போகிற பாதை. 11,000 வோல்ட் வடத்துக்கு 90 சென்டிமீட்டர் ஆழம், வீட்டுக்கு வரும் தாழ்வழுத்த வடத்துக்கு 75. அடியில் மணல், மேலே செங்கல், அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா. தெரு நடுவில் பாதாளச் சாக்கடை, ஒரு பக்கம் மழைநீர் வடிகால், இன்னொரு பக்கம் குடிநீர்க் குழாய். மிச்சம் இருப்பது ஓரத்து மண். அந்த ஓரத்தில்தான் நாம் ஆளாளுக்கு மூன்றடி சாய்தளம் கட்டி, கிரானைட் ஒட்டி, குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறோம். அதை உடைக்காமல் வடம் போகாது.

நம் நகர் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கறை இருக்கிறது. பெட்டியின் அடிமேடை அந்தக் கறைக்கு மேலே இருக்கவேண்டும். இதில் மட்டும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மின்பெட்டி அருகே தேங்கிய தண்ணீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுக்கொண்டே போனால், இன்று முழங்கால் உயரத்தில் இருக்கும் மேடை நாளைக்குக் கணுக்கால் உயரம்தான். ஆகவே மேடை உயரமாக, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அப்படியும் வெள்ளம் பெட்டியைத் தொட்டால் தண்ணீர் வடியும்வரை சப்ளையை நிறுத்தித்தான் வைப்பார்கள். புதைவடம் வந்தால் கரண்டே போகாது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

கம்பி அறுந்தால் தெருமுனையில் நின்றே கண்ணால் பார்க்கலாம். வடம் பழுதானால் கருவி வைத்து வடத்துக்குள் மின்துடிப்பு அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரம் கணக்குப் போட்டு, இடத்தைக் குறித்துத் தோண்டவேண்டும். பல பழுதுகள், வடத்தோடு வடம் சேரும் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குவதால் வருபவை. மற்றவை, கேட்காமல் கொள்ளாமல் இன்டர்நெட் வயருக்கோ வீட்டு இணைப்புக்கோ பள்ளம் பறிக்கிறவர்களின் கைங்கரியம். நம் நகரில் யார் கடப்பாரை எடுத்தாலும் முதலில் சங்கத்திடம் வரைபடம் பார்க்கவேண்டும் என்று இப்போதே தீர்மானம் போடுங்கள். (கேபிள் டி.வி. வயர்களையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் கம்பி போன பிறகும் கம்பங்கள் அந்த வயர்க் கொத்தைச் சுமந்துகொண்டு நிற்கும்.)

அந்த மூன்றாம் பக்க வரியை அடித்துவிட்டு, எந்தெந்த மூலையில் பெட்டி வைக்கலாம் என்று நாமே ஒரு படம் வரைந்து மனுவோடு இணைப்போம். என் வீட்டு மேற்கு மூலையில் மதில் சுவரை மூன்றடி உள்ளே தள்ளித் தருகிறேன். செம்பருத்தி போய்விடும். வீட்டுக்காரம்மா அரை மனசோடு சம்மதித்திருக்கிறார். வடம் போடுகிற வேலை தை பிறந்து தொடங்கி ஆடிக்குள் முடியவேண்டும். ஐப்பசியில் நம் மண்ணில் இரண்டடி தோண்டினாலே ஊற்றுதான். அதனால் நாளைக் கடத்தவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை சுண்ணாம்புப் பொடியும் டேப்பும் எடுத்துக்கொண்டு முதல் தெருமுனையில் நிற்கிறேன். அவரவர் வாசலுக்கு அவரவர் வாருங்கள்.

இப்படிக்கு,
நான்காம் தெருவின் பழைய லைன்மேன்