பயம் பிடிக்கிற ராத்திரிக்கு

ராயபுரம்
மரியே வாழ்க!

அன்புள்ள மகளுக்கு,

ராத்திரியில் நெஞ்சு படபடத்து எழுந்துகொள்கிறேன், செபிக்க வார்த்தையே வரவில்லை என்றாயே. அந்த நேரத்தில் வார்த்தை தேடவே வேண்டாம்மா, செபமாலையை எடு.

போனைத் தொடாதே. படுத்தபடி சொன்னால் யோசனைதான் ஓடும். பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து ரெண்டு மிடறு தண்ணீர் குடி. சிலுவையைப் பிடித்துக்கொண்டு எதற்குப் பயம் என்று ஆண்டவரிடம் ஒரே வரியில் சொல். "என் கவலையெல்லாம்" என்று பொதுவாகச் சொல்லாதே. "வேலை போய்விடுமோ, வாடகை எப்படிக் கட்டுவேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்.

மாலையின் 53 மணியும் உருட்டி முடிக்க இருபது நிமிஷமாகும். அந்த ராத்திரிக்குப் பத்து மணி போதும்: ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறை மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். எல்லோரும் கெடுப்பது வேகத்தில்தான். அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதியை ஒரே மூச்சில் முணுமுணுத்து முடி, நிறுத்து, மூக்கால் மெதுவாக இழு, பிறகு "தூய மரியே". வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். லத்தீனில் இதே செபத்தைச் சொல்ல வைத்து அளந்த ஆய்வை இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் வெளியிட்டார்கள். மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்திருந்தது. அதற்காக இதை மூச்சுப் பயிற்சி என்று நினைத்துவிடாதே, கேட்கிறவர் இருக்கிறார்.

மனசு அலைந்தால் முதலிலிருந்து தொடங்காதே. விரல் இருக்கிற மணியிலிருந்தே போ. பயத்தில் எதையும் நேர்ந்துகொள்ளாதே. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு அதுவும் ஒரு கவலை.

என்ன கிழமையானாலும், ஆண்டவர் பட்ட பாடுகளை நினைக்கிற துக்க தேவ ரகசியத்தில் முதலாவதையே தியானி. சாவுக்கு முந்தின ராத்திரி கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே கலங்கினார். புதுசாக எதுவும் தேடாமல், மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லியே செபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். நீங்கட்டும் என்று அவர் கேட்ட துன்பக் கிண்ணம் நீங்கவில்லை, திடப்படுத்த ஒரு தூதர் வந்தார் என்கிறார் லூக்கா. அதனால் பயம் முழுக்கப் போகவில்லையே, செபம் பலிக்கவில்லையே என்று கணக்குப் பார்க்காதே. எழுந்து அடுத்த வேலையைச் செய்யத் தெம்பு வந்ததா, அதைப் பார்.

இன்னொன்று. அன்றைக்கு ஆண்டவர் தனியாக இருக்கவில்லை. சீடர்கள் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் கூட விழித்திருக்கச் சொன்னார். நீயும் அறைத் தோழியை எழுப்பு. தூக்கமும் பசியும் ரெண்டு வாரமாகக் கெட்டிருந்தால் டாக்டரைப் பார். அது விசுவாசக் குறைவு இல்லை. உயிரை விடலாம் என்று ஒருதரம் தோன்றினாலும் விடியக் காத்திருக்காதே. 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள்.

பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் மந்திரித்த மாலையைக் கூரியரில் போட்டிருக்கிறேன். மரமணி. பெரிய மணிக்கு முன்னும் பின்னும் சங்கிலி இடைவெளி இருப்பதால் இருட்டிலும் விரலே எண்ணிக்கொள்ளும். அது வந்து சேரும்வரை பத்து விரல் இருக்கிறது.

மூன்று மணியானாலும் ரிங் கொடு. முதல் பாதியை நான் சொல்கிறேன், "தூய மரியே" நீ சொல்.

அம்மா