கடலுக்கு மட்டும் திட்டு விழாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலையும் பிரிவுப் பாடல்களையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் பாட்டில் கடல் வந்தாலே அது ஆளைப் பறித்துக்கொண்டு போகும் எதிரிதான் என்று எழுதியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடலும் கடற்கரையுமான நெய்தல் நிலத்துப் பாட்டுக்கு உரியது இரங்கல், அதாவது பிரிவில் வருந்துவது, என்பது பழைய இலக்கணம். அந்த இரங்கலில் கடலும் சேர்ந்து அழுகிறது. குறுந்தொகை 163-ல் அம்மூவனாரின் தலைவி, ‘யார் அணங்குற்றனை கடலே’ என்கிறாள். உன்னை யார் இப்படி வருத்தினார்கள் என்று கடலிடமே விசாரிக்கிறாள். பூழியரின் வெள்ளாட்டு மந்தை பரவிக் கிடப்பது போல மீன் தின்னும் குருகுகள், அலை வந்து மோதும் தாழை, அப்புறம் நள்ளிரவிலும் ஓயாத கடலின் குரல். ஐந்தே வரி. அவன் போனான் என்றோ, இன்னும் வரவில்லை என்றோ ஒரு சொல் கிடையாது. நடுராத்திரியில் அலைச் சத்தம் இவள் காதில் விழுகிறது என்றால் இவளும் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

சிலம்பில் புகார்க் கடற்கரையில்தான் கோவலனும் மாதவியும் பிரிகிறார்கள், அதுவும் பாட்டாலேயே. இளங்கோ பழியை ஊழ்வினை மேல் போடுகிறார். 1964-ல் வந்த ‘படகோட்டி’ படத்தில், ‘கரைமேல் இருக்க வைத்தான், பெண்களைக் கண்ணீரில் குளிக்க வைத்தான்’ என்று வாலி எழுதினாரே, அந்த ‘வைத்தான்’ படைத்தவனுக்கு. கடலுக்கு இல்லை.

என் அப்பாயியும் அப்படித்தான். தாத்தா போன கட்டுமரம் திரும்பி வரவே இல்லை. கிழிந்த வலையை மடியில் போட்டு, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பின்னியபடியே ஒப்பாரி இழுப்பாள். அதில் வாடைக்காற்றுக்குத் திட்டு விழும். ‘இன்னிக்கு வேணாம்’ என்று தடுக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு விழும். தாத்தாவுக்கே விழும். கடல் மட்டும் கடைசி வரை ‘கடலம்மா’தான். சின்ன வயதில் எனக்கு அது புரியாது, கோபமாகக்கூட வரும்.

சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய பெண்களையும் எங்கள் கரையில் கண்டிருக்கிறேன், அதை மறைக்கவில்லை. மறு வருஷம் டிசம்பர் 26 அன்று அவர்களில் சிலர் பால் செம்போடு அதே இடத்துக்கு வந்தார்கள்.

ஒரு வாசகி,
நாகப்பட்டினம்